முட்டுச்சந்து

வாழை மரம் கட்டிய தூணுக்கு முன்னால், கோயில் மண்டபத்தின் முதல் படியில் கால் வைக்கப் போன நேரத்தில், பூங்கோதையின் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன.

உள்ளே நடக்கவிருந்தது அவளுக்கான பாராட்டு விழா. பனையடிப்பட்டி மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பந்தி மேசைகளை ஓரங்கட்டி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, மேடையில் அவள் படம் போட்ட பேனரைத் தொங்கவிட்டிருந்தார்கள். சுற்றுவட்டாரப் பஞ்சாலை ஊர்களில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து, இளைத்து இளைத்தே பாதி ஆயுளைத் தொலைத்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒரே ஓர் ஊசியில் மூச்சைத் திருப்பிக் கொடுத்த ஆய்வுக் குழுவில் அவள்தான் தலைமை ஆய்வாளர். மைக்காரர் ஹலோ சொல்லிச் சொல்லி ஊரையே எழுப்பிக்கொண்டிருந்தார். ஆரத்தித் தட்டோடு ஒரு பெண் காத்திருந்தாள். விழா நாயகியோ செருப்பைக் கழற்றவும் மனமில்லாமல் திரும்பவும் வழியில்லாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

காரணம் ஒன்றும் உலகத்தில் இல்லாத காரணமில்லை. அன்று காலையில் அவளுக்கு மாதவிலக்கு ஆகியிருந்தது. மனித உடம்பின் ரசாயனப் பாதைகளையெல்லாம் கணினித் திரையில் வலையாக வரைந்து காட்டிப் பட்டம் வாங்கியவள்தான். இருந்தும் கோயில் படி என்றதும் கால் தயங்கியது. படிப்பு தலைக்கு ஏறும். காலுக்கு இறங்க வேண்டும் என்று யார் சொன்னது?

"உள்ள வாங்க மேடம்" என்றாள் ஆரத்திக்காரி.

"ஒரு போன் பேசிட்டு வந்துர்றேன்."

அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "விலக்கா மேடம்? சங்கடப்படாதீங்க. பக்கவாட்டுல வேப்ப மரத்தடியில சேர் போடச் சொல்றேன். மாலைய அங்கயே கொண்டாந்து குடுத்துருவாங்க. நீங்க ரத்தம் எடுக்க கேம்ப் போட்டீங்கல்ல, அப்பவும் இப்படித்தான். வந்தவளுக பாதிப் பேரு நாள் சரியில்லன்னு வாசலோட திரும்பிட்டாளுக. குளிச்சு முழுகிட்டு அடுத்த வாரம் வந்து குடுத்தாளுக."

"யாருமே உள்ள வரலையா? ஒருத்தர்கூடவா?"

"நல்லாக் கேட்டீங்க! அம்மன் இருக்குற எடத்துல எவ வருவா?"

 பூங்கோதை திரும்பிக் காருக்கு நடந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள்.

அவர்கள் செய்த வேலையைச் சொன்னால் எளிது. சுமார் நாலாயிரம் பேருடைய ரத்தத்தை எடுத்து, அதில் எந்தப் புரதம் ஏறும்போது எது ஏறுகிறது, எது இறங்கும்போது எது அடங்குகிறது என்று பார்த்து, உறவுள்ள இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட வேண்டும். எல்லாக் கோடுகளையும் போட்டு முடித்தால் ஒரு பெரிய வலை கிடைக்கும். ஒவ்வொரு புரதமும் அதில் ஒரு முடிச்சு. எந்த முடிச்சை அறுத்தால் நோய் நிற்கும், அதே நேரம் வலை கிழியாது என்று வலையின் அமைப்பே சொல்லிவிடும். மூச்சுக்குழாயை 'இறுகு' என்று விரட்டி இளைப்பை வரவழைக்கும் ஒரு முடிச்சுக்கு இரண்டே கோடுகள்தாம் இருந்தன. உள்ளே வருவது ஒன்று, நுரையீரலுக்குப் போவது ஒன்று. குழுவில் செல்லமாக அதற்கு முட்டுச்சந்து என்று பெயர் வைத்தார்கள். முட்டுச்சந்தை அடைத்தால் ஊரில் யாருக்கு நஷ்டம்? அடைத்தார்கள். ஊசி பிறந்தது.

கோயில் மண்டபங்களில் முகாம் போடலாம் என்று யோசனை சொன்னதும் அவள்தான். வாடகை கிடையாது, மின்விசிறி உண்டு, ஆஸ்பத்திரி என்றால் பயப்படும் சனம் கோயில் என்றால் குடும்பத்தோடு வரும். அந்த யோசனைக்காகவே அவளை மேடையில் பாராட்டியவர்கள் உண்டு.

வெளிநாட்டுக் குழு ஒன்று மாதவிலக்கு நாள்களில் கர்ப்பப்பையிலிருந்து எடுத்த அளவுகளைப் பொதுவில் வைத்திருந்தது. 'நம்ம ஊர் ரத்தம், நம்ம ஊர் வரைபடம்' என்ற பெருமையில் அதையெல்லாம் இதுவரை யாரும் சீண்டவில்லை. இப்போது பூங்கோதை அதை இறக்கித் தன் வலைமேல் வைத்தாள். திரையில் முட்டுச்சந்திலிருந்து ஒரு கோடு முளைத்தது. பிறகு இன்னொன்று. பிறகு திரை தாங்காத அளவுக்குக் கோடுகள். கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்கள் அத்தனையும் அந்த ஒரு முடிச்சில் வந்து தொங்கின. முடிச்சை அழித்துப் பார்த்தாள். குழாய்கள் ஒவ்வொன்றும் எந்தக் கோடும் இல்லாமல் தனித்தனியாக நின்றன. முழங்காலில் அடிபட்டால் ரத்தம் நிற்கப் பல வழி இருந்தது. அந்த நாலைந்து நாளில் மட்டும் இது ஒன்றுதான் வழி.

 சோதனைக் கட்டம் முடிந்து முதன்முதலாக, இளைப்பு வருமுன் காக்கவென்று, செவல்பேட்டைப் பெண்கள் பள்ளியில் போன மாதம் முந்நூறு பிள்ளைகளுக்கு அந்த ஊசி போட்டிருந்தார்கள். முந்நூறில் ஒருத்தி மிதுனா. ஏழாம் வகுப்பு. பூங்கோதையின் ஒரே மகள்.

காரின் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ஆய்வு நிலையத்தின் இயக்குநர் குலோத்துங்கன். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், முகத்தில் விழாக் களை.

"என்ன பூங்கோதை, மணமகளே காணாமப் போனா எப்படி? எல்லாரும் வந்தாச்சு."

"சார், உள்ள உக்காருங்க. கதவச் சாத்துங்க."

உட்கார்ந்தார். அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"நம்ம கேம்ப்ல ரத்தம் குடுத்த பொம்பளைங்க ஒருத்தர்கூட விலக்கு நாள்ல குடுக்கல சார். கோயில்னு வாசல்லயே நின்னுட்டாங்க. நம்ம வலையில அந்த நாளே கெடையாது."

பேச்சு அந்தப் பக்கம் போனதும் பெரும்பாலான ஆண்களைப் போல அவரும் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "மாசத்துல நாலு நாள்தானே, அதுக்குப் போயி…"

"அந்த நாலு நாள்ல ரத்தம் நிக்கணும்னா கர்ப்பப்பையில உள்ள குழாயெல்லாம் தானா இறுகணும். இறுகுன்னு சொல்ற சேதி நாம அடச்ச வழியாத்தான் சார் போகுது. இப்ப சேதி போகாது. ரத்தம் நிக்காது."

அவர் திரையை வெகுநேரம் பார்த்தார். சந்தனத்துக்கு மேலே வியர்வை கோத்தது. "ட்ரையல்ல இப்படி ஒண்ணும் வரலையேம்மா?"

"ட்ரையல்ல யாரு சார் இருந்தா? ஆம்பளைங்க. அம்பதத் தாண்டுன பொம்பளைங்க. பத்து வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க. மத்தவங்களப் பாதுகாப்புக்காகச் சேக்கக் கூடாதுன்னு ரூல் போட்டு வெளிய நிறுத்துனோம். கோயில்லயும் வெளிய, ட்ரையல்லயும் வெளிய."

"ஊசி முழுசா வேல செய்ய…"

"மூணு வாரம் ஆகும். ஆயிருச்சு. இந்த வாரத்துலேர்ந்து எந்தப் பிள்ளைக்கு விலக்கானாலும் ஆபத்து."

மண்டபத்திலிருந்து நாதஸ்வரம் கேட்டது. 

"மாத்து மருந்து?"

"இருக்கு சார். பிரசவத்துல ரத்தம் நிக்கலன்னா குழாய நேரடியா இறுக்க ஒரு மருந்து ஏத்துவாங்களே, அதான். எல்லா ஆஸ்பத்திரியிலயும் கெடைக்கும். ஆனா ஆரம்பத்துலயே வந்துரணும். நம்ம வீடுகள்ல வருவாங்களா? நெறையப் போகுதுன்னு ஒரு பிள்ளை சொன்னா, அப்படித்தான்டி போகும், வாய மூடுன்னு சொல்லுவாங்க. அதனால இன்னைக்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் விட்டுச் சொல்லணும்."

குலோத்துங்கன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். சந்தனம் கலைந்தது. "சொல்லிட்டு? கார்ல உக்காந்து கால் மணி நேரத்துல போட்ட கணக்கு இது. தப்பா இருந்தா? ஊசின்னாலே நாலு தெரு தள்ளி ஓடுற சனத்த இப்பத்தான் கையப் பிடிச்சுக் கூட்டியாந்திருக்கோம். நாளைக்கு ஒருத்தன் தன் பிள்ளைக்கு அம்மை ஊசிகூடப் போட மாட்டான். அதுல சாகுற பிள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது? திங்கக்கிழமை கமிட்டியக் கூட்டுறேன். நாலு பேரு பாத்து, சரின்னு சொன்னா, முறையா அறிவிப்போம்."

"திங்கக்கிழமையா? இன்னைக்கு வெள்ளி சார்!"

அவர் கெட்டவர் இல்லை. நிலையத்து வாட்ச்மேன் மகனுக்கு அறுவைச் சிகிச்சை என்றால் இரவெல்லாம் கூட இருந்தவர். ஆனால் பயந்துபோன மனிதர் பேசும் நியாயம் எல்லாம் அசல் நியாயத்தைப் போலவே இருக்கும். மறுத்துப் பேச பூங்கோதை வாயைத் திறந்தாள். அப்போது அவள் கைபேசி அடித்தது. நாத்தனார் ராஜகனி. கணவருடைய அக்கா; தம்பி கப்பல் வேலையில் இருக்க, வீட்டையும் மிதுனாவையும் கட்டிக் காப்பவள்.

"கோதை! வாயில சீனியப் போட்டுக்க. நம்ம மிதுனா பெரியவளாயிட்டா!"

பூங்கோதை கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கேக்குதா? ஸ்கூல்ல வயித்து வலின்னு மத்தியானமே வந்துட்டா. எந்திரிச்சுப் போறப்பப் பின்னாடி பாத்தேன், சுடிதார்ல கறை! தம்பிக்குச் சேதி அனுப்பிட்டேன். உன் அண்ணனுக்கும் சொல்லியாச்சு, தாய்மாமன் சீரோட நாளைக்கு வந்துருவாரு. தெருவுல ஒரு ஆள் பாக்கி இல்ல."

"மதினி… எவ்வளவு போகுது?"

"இதென்னடி கேள்வி? மொத தடவ, நல்லாத்தான் போகும்."

"மதினி, நான் சொல்றதக் கேளுங்க. அவள இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆட்டோ பிடிங்க."

"உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? பின்கட்டு ரூம்ல உக்கார வச்சிருக்கேன். மாமன்காரன் வந்து தலைக்குத் தண்ணி ஊத்தாம வாசல் தாண்ட விடலாமா? நல்ல நாளும் அதுவுமா ஆஸ்பத்திரியாம்!"

"அவ முகம் எப்படி இருக்குன்னாவது பாத்துச் சொல்லுங்க மதினி."

"நான் இப்பத்தான் வெளக்கேத்தப் போறேன். தீட்டுல போயி மூஞ்சியப் பாக்கச் சொல்றா பாரு. நீ வெரசா வா."

இணைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டாள். வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. மறுபடி. அதே குரல். நாத்தனார் ஊருக்கெல்லாம் சந்தோஷத்தை அறிவித்துக்கொண்டிருந்தாள்.

குலோத்துங்கன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் முகமும் வெளுத்துவிட்டது. "உன் பொண்ணா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். அவர் உடனே தன் போனை எடுத்தார். "செவல்பேட்டை ஆஸ்பத்திரியில தலைமை டாக்டர் என் தோஸ்து. பெட், மருந்து, ரத்தம், டாக்டர் எல்லாம் வாசல்ல தயாரா நிக்கும். டிரைவர வேகமா ஓட்டச் சொல்றேன். நீ கெளம்பு." இறங்கப் போனவர் கதவில் கை வைத்தபடி நின்றார். "மத்தத திங்கக்கிழமை பேசுவோம். அதுவரைக்கும் யார்கிட்டயும் வேணாம். சரியா பூங்கோதை?"

"சரி" என்றாள் பூங்கோதை.

யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் அவள் வலையில் இருந்தது ஒரே ஒரு முடிச்சு. அதைப் பிழைக்க வைக்க எந்தக் கோட்டை வேண்டுமானாலும் அறுக்கத் தயாராக இருந்தாள்.

கார் பறந்தது. அவள் சாமிகளைக் கூப்பிட்டாள். எந்த வாசலில் நின்றுகொண்டு கூப்பிடுவது என்று தெரியாமலேயே கூப்பிட்டாள். மிதுனாவின் எடை என்ன, உடம்பில் ரத்தம் எவ்வளவு இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. அதை நிறுத்தத் தெரியவில்லை. மகளுக்குப் போன் வாங்கிக் கொடுக்க மாட்டேன் என்று போன வாரம்தான் சண்டை போட்டிருந்தாள். வாங்கிக் கொடுத்திருந்தால் இப்போது அவள் குரலையாவது கேட்டிருக்கலாம். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று பெட்டி பெட்டியாக, அவசரமே இல்லாமல் ஊர்ந்தது. பூங்கோதை இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

தெருமுனையிலேயே பெண்களின் சத்தம் கேட்டது. குலவையா ஒப்பாரியா என்று காது பிரித்துச் சொல்ல மறுத்தது. வீட்டு வாசல் நிறையச் செருப்புகள்.  கூடத்தில் யாரோ சிரிப்பதைக் கேட்ட பிறகுதான் அது குலவை என்று நிச்சயமானது. "வந்துட்டாடி பொண்ணப் பெத்தவ!" என்று ஒருத்தி கன்னத்தில் சந்தனம் பூச வந்தாள். அவளை விலக்கிக்கொண்டு, "தொடாத, தீட்டு!" என்று பின்னால் வந்த ராஜகனியின் குரலையும் விலக்கிக்கொண்டு, பின்கட்டு அறைக் கதவைத் தள்ளினாள்.

மிதுனா பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கடுப்போடு தேங்காய்ச் சில்லு தின்றுகொண்டிருந்தாள்.

பூங்கோதை விழுந்தடித்து உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பாகத்தான் இருந்தது.

"அம்மா, விடு, கூச்சமா இருக்கு."

"எத்தன தடவ மாத்துன? சொல்லுடி. தலை சுத்துதா?"

"ரெண்டு. தலையெல்லாம் சுத்தல. எப்பவும் போலத்தான் இருக்கு."

"எப்பவும் போலன்னா?"

மிதுனா தேங்காயை மெல்வதை நிறுத்தினாள். கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இது நாலாவது தடவைம்மா" என்றாள்.

"என்னது?"

"ஸ்கூல்ல மெஷின்ல நாப்கின் கெடைக்கும். சமாளிச்சிட்டேன். சொன்னா மைக் செட் போடுவீங்க, தலையில கிரீடம் வச்சு போட்டோ எடுத்து ரோட்டுல ஃப்ளெக்ஸ் வைப்பீங்க. பக்கத்து ஸ்கூல் பசங்க எல்லாம் அந்த வழியாத்தான் போவானுங்க. இன்னைக்கு அத்தை பாத்துட்டாங்க."

"அப்ப ஊசி? போன மாசம் போட்டியே, அதுக்கப்புறம் இதுதான் மொத தடவையா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "திட்டக் கூடாது. நான் ஊசி போடல. ஸ்கூல்ல எடமில்லன்னு பக்கத்துப் பிள்ளையார் கோயில் மண்டபத்துல வச்சுத்தான் போட்டாங்க. எனக்கு அன்னைக்கு ரெண்டாவது நாள். நாங்க நாலு பேரு வெளியவே நின்னோம். மிஸ் கணக்கு முடியணும்னு எங்க பேருக்கும் டிக் போட்டுட்டாங்க. உள்ள போனா சாமி குத்தம்னு நீதானம்மா சொல்லுவ? நீயே போக மாட்ட."

பூங்கோதை மகளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். சிரித்தாள், அழுதாள், அவள் உச்சியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு என்னென்னவோ உளறினாள். தன்னை அத்தனை பெரிய பிழையில் தள்ளிய அதே வழக்கம் தன் பிள்ளையை மட்டும் வாசலில் நிறுத்திக் காப்பாற்றியிருந்தது. அதற்கு நன்றி சொல்வதா, காறித் துப்புவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. என் பிள்ளை பிழைத்தாள், என் பிள்ளை பிழைத்தாள் என்று மட்டும் உடம்பெல்லாம் அடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவர்களுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லலாம். திங்கட்கிழமை கமிட்டி கூடும். நாலு பேர் பார்ப்பார்கள். எல்லாம் முறையாக நடக்கும்.

"ஏம்மா இப்படி நடுங்குற?" என்றாள் மிதுனா, அவள் பிடிக்குள்ளிருந்தே. "உனக்குத் தெரியுமா, மோனிஷாவும் நேத்து பெரியவளாயிட்டா. அவ ஊசி போட்டப்ப அழுதான்னு சொன்னேன்ல, அவதான். இன்னைக்கு அவ அண்ணன் வந்து கிளாஸுக்கே லட்டு குடுத்தான்."

பூங்கோதையின் கைகள் அப்படியே நின்றன.

"மோனிஷா எப்படி இருக்காளாம்?"

"ஒரே தூக்கமாம்மா. காலையிலேர்ந்து எழுப்பி எழுப்பிப் பாக்குறாங்களாம், கண்ணே தொறக்க மாட்டேங்குறாளாம். புது மகாராணிக்கு சொகுசப் பாருன்னு சிரிச்சான்." மிதுனா பள்ளிப் பையை எட்டி இழுத்து, செய்தித்தாளில் சுற்றி நசுங்கிப்போன ஒரு லட்டை எடுத்து நீட்டினாள். "இந்தா. உனக்குன்னு ஒண்ணு வச்சிருந்தேன்."